ஈவ்லின் வாவின் 'சோர்ட் ஆஃப் ஹானர்' நாவலை வாசிப்பது எப்படி

இரண்டாம் உலகப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த நாவல்களில் நான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிப்பது ஈவ்லின் வா எழுதிய 'சோர்ட் ஆஃப் ஹானர்' என்னும் மூன்று நூல்களின் தொகுதி. 'மரியாதை வாள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நண்பர்கள் சிலருக்கு இதைப் பரிந்துரைத்தபோது இரண்டு விதமான மறுமொழிகள் வந்தன. போர்க்களத்தை எதிர்பார்த்துத் தொடங்கியவர்கள், விருந்து மேசைகளும் பயிற்சி முகாம்களும் இடமாற்ற உத்தரவுகளுமே பக்கம் பக்கமாக வருவதைக் கண்டு சலித்து மூடிவிட்டார்கள். முடிவு வரை வாசித்தவர்களில் பலர், இராணுவத்தின் மூடத்தனத்தைக் கேலி செய்யும் நல்ல நகைச்சுவை நாவல் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தந்தன. ஏனெனில் இந்த நாவலின் அங்கதம் இராணுவத்தை நோக்கிப் புறப்பட்டு, மெல்லத் திரும்பி, போருக்கு ஆசைப்பட்டுச் சென்ற நாயகனின் நல்ல மனத்தையே வந்து தைக்கிறது. அந்தத் திருப்பத்தைத் தவறவிடாமல் இருக்க எவற்றைக் கவனிக்க வேண்டும், எங்கே நிதானிக்க வேண்டும், எங்கே விரைந்து கடக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். கதையின் முக்கிய நிகழ்ச்சிகளை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றை முன்கூட்டியே அறிவது இந்த நாவலின் சுவையைக் குறைப்பதில்லை என்பது என் அனுபவம்.

எந்தப் பதிப்பில் தொடங்குவது

'மென் அட் ஆர்ம்ஸ்' 1952இலும், 'ஆஃபிசர்ஸ் அண்ட் ஜென்டில்மென்' 1955இலும், 'அன்கண்டிஷனல் சரண்டர்' 1961இலும் தனித்தனி நூல்களாக வெளிவந்தன. இரண்டாம் நூல் வந்தபோது கதை அதோடு நிறைவடைந்துவிட்டது என்றே வா அறிவித்திருந்தார். மூன்றாம் நூல் வருவதற்கு மேலும் 6 ஆண்டுகள் ஆயின. பின்னர் 1965இல், தாம் இறப்பதற்கு முந்திய ஆண்டில், மூன்றையும் சேர்த்து, சில பகுதிகளை நீக்கியும் திருத்தியும் ஒரே நூலாக்கினார். முதல்முறை வாசிப்பவர்கள் மூன்று தனி நூல்களாகவே வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு நூலுக்கும் தனக்கென்று ஒரு கதி உண்டு. ஒரு நூலை முடித்துச் சில நாட்கள் இடைவெளி விட்டு அடுத்ததை எடுக்கும்போது, நாயகனின் மனம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. 1965ஆம் ஆண்டுத் தொகுப்பை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நூலின் அமெரிக்கப் பதிப்பு 'தி எண்ட் ஆஃப் தி பேட்டில்' என்னும் வேறு பெயரில் வந்தது. அதைத் தனியொரு நாவல் என்று எண்ணி வாங்கிவிட வேண்டாம். டேனியல் கிரெய்க் நாயகனாக நடித்து 2001இல் வந்த தொலைக்காட்சி வடிவத்தை நூலை முடித்த பிறகு பாருங்கள். கதைசொல்லியின் குரலில் உள்ள அமைதியான துயரம் திரையில் வருவதற்கு வழியில்லை.

நாயகனின் பெயர் கை க்ரவுச்பேக். முதற்பெயரைத் தமிழில் எழுதினால் குழப்பம் நேரும் என்பதால் க்ரவுச்பேக் என்றே குறிப்பிடுகிறேன்.

புத்தகத்தில் செருகி வைக்க ஒரு தேதிச் சீட்டு

வா தம் காலத்து வாசகர்களுக்காக எழுதியவர். போரின் பெரிய நிகழ்ச்சிகள் இந்த நாவலில் நேரடியாக அறிவிக்கப்படுவதில்லை. உணவுக்கூடத்தில் யாரோ ஒருவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொல்லும் அரை வாக்கியமாக அவை வந்து போகும். அதனால் ஒரு சீட்டில் சில தேதிகளை எழுதிப் புத்தகத்தில் செருகிக்கொள்வது பெரிதும் உதவும். ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் தாக்காமை ஒப்பந்தம் செய்துகொண்டது 1939 ஆகஸ்ட் 23. போலந்துக்காகப் பிரிட்டன் போரை அறிவித்தது செப்டம்பர் 3. அதே போலந்தின் கிழக்குப் பகுதிக்குள் சோவியத் படைகள் நுழைந்தது செப்டம்பர் 17. சோவியத் ஒன்றியம் ஃபின்லாந்தைத் தாக்கியது நவம்பர் 30. மேற்கு ஆப்பிரிக்காவின் டக்கார் துறைமுகத்தைக் கைப்பற்ற முயன்று பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சு நாட்டுப்பற்றாளர் படையும் தோற்றது 1940 செப்டம்பர் இறுதி. கிரீட் தீவில் ஜெர்மானிய பாராசூட் படை இறங்கியது 1941 மே 20. ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது பாய்ந்தது 1941 ஜூன் 22. லண்டன் மீது ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் விழத் தொடங்கியது 1944 ஜூன்.

இவற்றில் முதல் தேதியையும் 1941 ஜூன் 22ஐயும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தச் செய்தியைக் கேட்டபோதுதான் க்ரவுச்பேக் போருக்குப் புறப்படுகிறார். நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் கைகோத்துக்கொண்டதால், நவீன காலத்தின் தீமை முழுவதும் முகமூடியைக் கழற்றிவிட்டு ஒரே அணியில் வந்து நிற்கிறது என்று அவர் மகிழ்கிறார். எதிரி யார் என்பதில் இனிக் குழப்பம் இல்லை. 22 மாதங்கள் கழித்து, அந்த இரு கூட்டாளிகளில் ஒருவர் பிரிட்டனின் நேச நாடாகிவிடுகிறார். நாவலின் முதல் இரண்டு நூல்களும் இந்த இரு தேதிகளுக்கு இடையே கட்டப்பட்டவை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாசித்தால், இரண்டாம் நூலின் முடிவில் க்ரவுச்பேக் ஏன் இடிந்துபோகிறார் என்பது விளங்காது.

நாவலுக்கு முன் அறிய வேண்டிய இரண்டு செய்திகள்

முதலாவது திருச்சபையின் திருமணச் சட்டம். க்ரவுச்பேக் இங்கிலாந்தின் பழைய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். மனைவி விர்ஜீனியா அவரை விட்டுப் பிரிந்து, நாட்டுச் சட்டப்படி விவாகரத்துப் பெற்று, வேறு திருமணங்களும் செய்துகொண்டவர். ஆனால் கத்தோலிக்க நம்பிக்கையில் திருமணம் ஓர் அருட்சாதனம். விர்ஜீனியா உயிரோடு இருக்கும்வரை க்ரவுச்பேக் மறுமணம் செய்ய முடியாது. 35 வயதில், வாரிசு இல்லாமல், இத்தாலியக் கடற்கரையில் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டில் எட்டு ஆண்டுகளாகத் தனித்து வாழும் மனிதராகத்தான் அவரை நாம் முதலில் சந்திக்கிறோம். இந்தச் சட்டத்தை ஒரு விவரமாக மட்டும் ஏற்று அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடாதீர்கள். முதல் நூலின் நடுவில், திருச்சபையின் கண்ணில் விர்ஜீனியா தம் மனைவியே என்று உணர்ந்து, காதலர் தினத்தன்று லண்டன் கிளாரிட்ஜஸ் விடுதியில் அவரை மீண்டும் அடைய முயலும் காட்சியும், மூன்றாம் நூலில் அவரையே மீண்டும் மணக்கும் முடிவும் இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கின்றன.

இரண்டாவது, வாவின் வாழ்க்கை. அவர் பிறந்தது 1903 அக்டோபர் 28; க்ரவுச்பேக்கின் பிறந்தநாளை அதற்கு அடுத்த நாளாக அமைத்திருக்கிறார். வா 1930இல் கத்தோலிக்கராக மாறியவர். முதல் திருமணம் முறிந்தவர். 1939 டிசம்பரில் ராயல் மரீன்ஸில் சேர்ந்து, டக்கார் பயணத்தில் கலந்துகொண்டு, பிறகு கமாண்டோ படைக்கு மாறி, 1941 மே மாதம் கிரீட்டில் இருந்து பின்வாங்கி, 1944இல் யூகோஸ்லாவியாவில் பிரிட்டிஷ் தொடர்புக் குழுவில் பணிபுரிந்தவர். நாயகனின் பாதையும் ஏறத்தாழ இதுவே. ஆயினும் யார் எந்தப் பாத்திரம் என்று தேடுவதில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வா எளிதில் சினம் கொள்பவர், பிறரைச் சொல்லால் காயப்படுத்தத் தயங்காதவர் என்பது அவருடைய நாட்குறிப்புகளிலிருந்தே தெரிகிறது. க்ரவுச்பேக்கோ மென்மையானவர், தயங்குபவர், பிறர் குற்றத்தைத் தாமதமாகவே காண்பவர். தம் அனுபவத்தை எடுத்து, தம்மைவிட நல்லவரான ஒரு மனிதருக்கு வா கொடுத்திருக்கிறார். அந்த நல்ல மனிதரும் தவறியது எங்கே என்று கேட்பதற்காகத்தான் அப்படிச் செய்தார் என்று நான் நம்புகிறேன்.

இராணுவப் பதவிகளின் படிநிலை தெரியாவிட்டாலும் பெரிய இழப்பில்லை. லெப்டினன்ட், கேப்டன், மேஜர், கர்னல், பிரிகேடியர் என்ற ஏறுவரிசை நினைவில் இருந்தால் போதும். எழுத்துச் சுருக்கங்கள் ஏராளமாக வரும்; அவற்றுக்கு விளக்கம் தேடி நிற்க வேண்டாம். அந்த இரைச்சலில் ஒரு மனிதர் தொலைந்து போவதைக் காட்டவே அவை குவிக்கப்பட்டிருக்கின்றன.

முதல் பத்துப் பக்கங்களில் உள்ள கல்லறை

க்ரவுச்பேக் இத்தாலியை விட்டுப் புறப்படும் முன் ஊர்க் கோவிலில் உள்ள ஒரு கல்லறைக்குச் செல்கிறார். வேபுரோக் ஊர் சர் ரோஜர் என்னும் ஆங்கிலேய மாவீரர் அங்கே கிடக்கிறார். இரண்டாம் சிலுவைப்போருக்காகப் புனித பூமியை நோக்கிப் புறப்பட்டவர் அவர். வழியில் கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்க, உள்ளூர்ப் பிரபு ஒருவர் தமக்கு உதவினால் புனித பூமிக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்து, பக்கத்துப் பிரபுவின் கோட்டை மீது அவரை ஏவிவிடுகிறார். அந்தக் கோட்டைச் சுவரில் வெற்றி கிட்டும் நேரத்தில் ரோஜர் வீழ்கிறார். ஊரார் அவரைப் புனிதராக வணங்குகிறார்கள். நல்வாய்ப்பு வேண்டிப் பலரும் தொட்டுத் தொட்டு அவருடைய கல் வாள் பளபளப்பாகியிருக்கிறது. நடுகல்லுக்குப் பீலி சூட்டிப் படையலிட்ட பாடல்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வழிபாடு அந்நியமாகத் தோன்றாது. க்ரவுச்பேக் அந்த வாளின் மீது விரலை ஓட்டி, தமக்காகவும் ஆபத்தில் இருக்கும் தம் நாட்டுக்காகவும் வேண்டிக்கொள்கிறார்.

இந்தப் பக்கத்தில் ஒரு அடையாளத்தாளை நிரந்தரமாக வையுங்கள். ரோஜர் புனித பூமியை ஒருபோதும் காணவில்லை. தமக்குத் தொடர்பில்லாத ஒரு சிறு சண்டையில், பிறர் லாபத்துக்காக உயிரிழந்தார். க்ரவுச்பேக் இந்தக் கதையை நன்கு அறிவார். அறிந்தும் அதன் பொருளைக் காண மறுக்கிறார். அவர் கண்ணுக்கு வாள் மட்டுமே தெரிகிறது.

ஆப்தார்ப்பைக் கண்டு சிரிப்பதற்கான முறை

முதல் நூல் பெரும்பாலும் பயிற்சிக் காலம். க்ரவுச்பேக் சேரும் ஹால்பர்டியர்ஸ் என்னும் படைப்பிரிவு வாவின் கற்பனை. அதன் மரபுகளையோ அவர் உண்மையான அன்போடு வரைகிறார். உணவுக்கூட விருந்தில் படைப்பிரிவின் கௌரவத் தளபதியாகிய ரஷ்ய இளவரசியின் நலம் வேண்டி மதுக்கோப்பையை உயர்த்துகிறார்கள். அந்த இளவரசியோ நாடிழந்து நீஸ் நகரில் ஒற்றை அறையில் குடியிருப்பவர். இப்படிப்பட்ட விவரங்களில் கேலியும் பாசமும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதைக் கவனியுங்கள். சிறுவயதில் தமக்குக் கிடைக்காமல் போன மகிழ்ச்சியான இளம்பருவத்தை க்ரவுச்பேக் இந்தப் படைக்குடியிருப்பில் அனுபவிக்கிறார். அந்த மகிழ்ச்சியை வாசகர் நம்ப வேண்டும். நம்பினால்தான் பின்னர் வரும் இழப்பு வலிக்கும்.

பயிற்சி முகாம்களில் ஒன்று, குட்-அல்-இமாரா இல்லம் என்னும் பெயருடைய காலியான சிறுவர் பள்ளி. இங்கே ஒரு கணம் நிற்க வேண்டியது அவசியம். மெசபொட்டேமியாவில் உள்ள குட் நகரில் 1916 ஏப்ரல் 29 அன்று ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படை ஒட்டோமான் துருக்கியரிடம் சரணடைந்தது. அவர்களில் பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்களும் முகாம் பணியாளர்களும். ஒரு பெருந்தோல்வியின் பெயரைத் தாங்கிய பள்ளியில், முதல் உலகப் போர்க்களங்களின் பெயர் சூட்டிய படுக்கை அறைகளில், நடுவயதை எட்டிய க்ரவுச்பேக் இளைஞர்களோடு வெற்றிக்குப் பயிற்சி பெறுகிறார். வா இதை விளக்குவதில்லை. பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இந்திய வாசகர்களாகிய நாம் அந்தப் பெயரைச் சும்மா கடந்து போக முடியாது.

ஆப்தார்ப் க்ரவுச்பேக்கின் வயதை ஒத்த மற்றொரு பயிற்சி அதிகாரி. ஆப்பிரிக்காவில் இருந்தவர் என்கிறார். மூட்டை மூட்டையாகச் சாமான்கள் வைத்திருக்கிறார். அவற்றில் முதன்மையானது, 'தண்டர்-பாக்ஸ்' என்று அவர் அழைக்கும், எடுத்துச் செல்லக்கூடிய மரக் கழிப்பெட்டி. அந்தப் பெட்டியைத் தாமும் பயன்படுத்த விரும்பும் ஒற்றைக்கண் பிரிகேடியர் ரிச்சி-ஹுக்குக்கும் ஆப்தார்ப்புக்கும் நடக்கும் மறைமுகப் போர், பெட்டி வெடித்துச் சிதறுவதில் முடிகிறது. வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் பகுதி இது. சிரித்துக்கொண்டே மூன்றைக் கவனியுங்கள். இந்த நூலில் நிகழும் போர்களில் மிகவும் திட்டமிட்டு நடத்தப்படுவது இந்தக் கழிப்பெட்டிப் போர்தான். க்ரவுச்பேக் அதை ஆவலோடு பார்த்து மகிழ்கிறார். நூலின் மூன்று பெரும் பகுதிகளுக்கும் ஆப்தார்ப்பின் பெயரையே, பெருமிதம், சினம், பலி என்னும் பொருள் தரும் லத்தீன் அடைமொழிகளோடு வா தலைப்பாக்கியிருக்கிறார். மூன்றாவது அடைமொழியை மறந்துவிட வேண்டாம்.

ஃப்ரீடவுன் மருத்துவமனையில் காய்ச்சலில் கிடக்கும் ஆப்தார்ப்புக்கு, நண்பர் மகிழட்டும் என்று க்ரவுச்பேக் ஒரு விஸ்கி புட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். தமக்கு இரண்டு அத்தைகள் உண்டு என்று நெடுங்காலம் சொல்லிவந்த ஆப்தார்ப், அவர்களில் ஒருவர் தம் கற்பனை என்று அப்போது ஒப்புக்கொள்கிறார். அந்த விஸ்கியே அவருக்கு எமனாகிறது. அதுவரை வெறும் கோமாளியாகத் தெரிந்தவர், யாருமற்ற ஒரு மனிதராக நம் முன் இறக்கிறார். நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு காரியத்தால் பிறர் உயிர் போவது இந்த நாவலில் இதுவே முதல் முறை. இந்தக் காட்சியை நிதானமாக வாசித்து, மூன்றாம் நூலின் இறுதிவரை நினைவில் வைத்திருங்கள்.

சிரிப்பு நிற்க வேண்டிய ஒரு பக்கம்

டக்காருக்கு அருகே நள்ளிரவில் நடத்தப்படும் சிறு தாக்குதலில், ரகசியமாகக் கூடவே வந்த ரிச்சி-ஹுக் ஒரு கறுப்பினக் காவல் வீரரின் தலையை வெட்டிப் பரிசுப் பொருள் போலக் கொண்டுவருகிறார். வா இதை ரிச்சி-ஹுக்கின் விசித்திரங்களில் ஒன்றாகவே சொல்லிச் செல்கிறார். கொல்லப்பட்டவருக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. அக்காலத்து இனவெறிச் சொற்களும் தயக்கமின்றி வருகின்றன. காலனி ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாட்டில் பிறந்த எனக்கு இந்தப் பக்கத்தில் சிரிப்பு வந்ததில்லை. வர வேண்டும் என்று ஆசிரியர் எதிர்பார்த்திருந்தால் அது அவருடைய குறை என்றே கருதுகிறேன். இதைத் தாண்டி வாசியுங்கள், ஆனால் மன்னித்துவிட்டுத் தாண்ட வேண்டாம். முடிதிருத்துபவராக இருந்து அதிகாரியான ட்ரிம்மரை வா நடத்தும் விதத்திலும் இத்தகைய இருள் உண்டு. பிறப்பால் உயர்ந்தோரிடமே மானம் குடியிருக்கும் என்ற நம்பிக்கை நாயகனுக்கு மட்டும் உரியதா, ஆசிரியருக்கும் உரியதா என்ற கேள்வியோடு இரண்டாம் நூலுக்குள் நுழையுங்கள். வா அந்த நம்பிக்கையைத் தம் கையாலேயே உடைக்கிறார்.

கிரீட்: ஒரே அமர்வில் வாசிக்க வேண்டிய பகுதி

இரண்டாம் நூலின் முதல் பாதியை, ஸ்காட்லாந்துத் தீவில் நடக்கும் கமாண்டோ பயிற்சியையும் லண்டன் மன்றக் காட்சிகளையும், விரைவாக வாசித்துச் செல்லலாம். ட்ரிம்மரின் கதையை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத் தீவில் இறங்க வேண்டிய சிறு குழு வழிதவறிப் பிரான்ஸின் கரையில் இறங்குகிறது; நடுநடுங்கிக்கொண்டிருந்த ட்ரிம்மரைச் செய்தியாளர் கில்பனக் நாட்டின் வீரநாயகனாக்குகிறார். மக்களுக்கு ஒரு நாயகன் தேவைப்பட்டதால் அவர் உருவாக்கப்படுகிறார்.

கிரீட் பகுதிக்கு வந்ததும் ஒரு மாலைப் பொழுதை முழுவதுமாக ஒதுக்கி, இடையில் நிறுத்தாமல் வாசியுங்கள். கமாண்டோக்கள் வந்து இறங்கும்போதே போர் தோற்றுவிட்டது. தீவின் வட கரையில் உள்ள சூடா விரிகுடாவிலிருந்து மலைகளைக் கடந்து தென் கரையின் ஸ்ஃபாக்கியாவுக்குப் படைகள் பின்வாங்குகின்றன. நகைச்சுவை இங்கே நிற்பதில்லை. அதன் உடல் மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. விதிமுறைகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் மேஜர் ஹவுண்ட் பசியாலும் தூக்கமின்மையாலும் அச்சத்தாலும் சிதைகிறார். அவருடைய பெயரின் பொருள் வேட்டைநாய். ஒரு கட்டத்தில் கதைசொல்லி அவரை மேஜர் என்று அழைப்பதை விட்டு, வளர்ப்பு நாய்க்கு வைக்கும் ஃபைடோ என்ற பெயரால் குறிப்பிடத் தொடங்குவார். அந்த மாற்றம் எந்த வாக்கியத்தில் நிகழ்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒரு மனிதர் எப்போது மனிதர் என்ற நிலையிலிருந்து வழுக்குகிறார் என்பதை வா எத்தனை துல்லியமாக அளந்திருக்கிறார் என்பது புரியும்.

இப்போது ஐவர் க்ளேர். குதிரையேற்றத்தில் வல்லவர், அழகர், அலட்சியமான நளினம் உடையவர். ஹிட்லர் கணக்கில் எடுக்கத் தவறிய இங்கிலாந்தின் சாரம் இவரே என்று க்ரவுச்பேக் நம்புகிறார். மறுநாள் சரணடைய வேண்டும் என்ற உத்தரவு வந்த இரவில் இருவரும் பேசிக்கொள்ளும் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். மானம் என்பது காலத்துக்குக் காலம் மாறுவது என்கிறார் க்ளேர்: ஒரு காலத்தில் ஒருவர் போட்டிக்கு அழைத்தால் வாளெடுத்தே ஆக வேண்டும், இப்போது அழைத்தால் சிரித்துவிட்டுப் போவோம், வருங்காலப் போரில் அதிகாரிகள் தம் வீரர்களை விட்டுவிட்டுத் தப்புவதும் மானக்கேடாகக் கருதப்படாமல் போகலாம் என்கிறார். அவர் தத்துவம் பேசவில்லை, தமக்குத் தாமே அனுமதி வழங்கிக்கொண்டிருக்கிறார் என்பதை க்ரவுச்பேக் அப்போது உணர்வதில்லை. அன்றிரவு க்ளேர் தம் வீரர்களைக் கைவிட்டுக் கப்பலேறுகிறார். க்ரவுச்பேக் சிறு படகில் பல நாட்கள் உயிருக்குப் போராடிக் கரை சேர்கிறார்.

அலெக்சாண்ட்ரியாவில் நடப்பவற்றைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். மிகச் சிறிய செயல்களில் எல்லாம் அடங்கியிருக்கிறது. க்ளேரை விசாரணையிலிருந்து காப்பாற்ற, செல்வாக்கு மிக்க திருமதி ஸ்டிச் அவரை இந்தியாவுக்கு அனுப்பிவிடுகிறார். உத்தரவுகளை எழுதிவைத்த குறிப்பேடு க்ரவுச்பேக்கிடம் சான்றாக இருக்கிறது. ஜூன் 22 வருகிறது. ரஷ்யா நேச நாடாகிறது. நீதிக்காக நடக்கும் போர் என்ற எண்ணம் கரைந்துபோன பின் ஒரு நண்பரை மட்டும் தண்டிப்பதில் என்ன நீதி இருக்கிறது என்ற நிலையில், அவர் அந்தக் குறிப்பேட்டை எரித்துவிடுகிறார். கிரீட்டில் பாதையோரம் இறந்து கிடந்த ஓர் இளம் கத்தோலிக்க வீரரின் அடையாளத் தகட்டை உரிய அலுவலகத்துக்கு அனுப்பும்படி ஓர் உறையில் இட்டு திருமதி ஸ்டிச்சிடம் கொடுக்கிறார். அது க்ளேருக்கு எதிரான சான்று என்று தவறாக எண்ணி, புன்னகை மாறாமல் அவர் அதைக் குப்பைக் கூடையில் போடுகிறார். அந்த இளைஞரின் மரணம் யாருக்கும் அறிவிக்கப்படாமலே போகிறது. இந்த மூன்று நூல்களிலும் என்னை மிகவும் உலுக்கிய வரி இதுதான். கவனம் பிசகினால் கண்ணில் படாமலே போகக்கூடிய வரியும் இதுதான்.

இரண்டாவது வாள்

மூன்றாம் நூலைத் தொடங்கும் முன் கல்லறைப் பக்கத்தை மறுபடியும் வாசியுங்கள். 1943 அக்டோபர் 29, க்ரவுச்பேக்கின் 40ஆம் பிறந்தநாள். ஸ்டாலின்கிராட் மக்களுக்கு ஆறாம் ஜார்ஜ் மன்னர் பரிசளிக்கும் வாள் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மக்கள் நீண்ட வரிசையில் நின்று வணங்கிச் செல்கிறார்கள். இது வரலாற்றில் நடந்த செய்தி. நவம்பர் மாதம் டெஹ்ரான் மாநாட்டில் சர்ச்சில் அந்த வாளை ஸ்டாலினிடம் ஒப்படைத்தார். க்ரவுச்பேக் அந்த வரிசையில் சேராமல் கடந்து போகிறார். நாவலின் முதல் வாளையும் ஊரார் வணங்கினார்கள் என்பதையும், அன்று அந்த வரிசையில் அவரும் ஒருவர் என்பதையும் நினைவில் கொண்டு இந்தக் காட்சியை வாசித்தால், அவர் மீது நமக்கு எழும் மதிப்போடு ஒரு சிறு கலக்கமும் சேரும்.

இந்த நூலின் மையத்தில் இருப்பது அவருடைய தந்தை எழுதும் ஒரு கடிதம். எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது, ஓர் ஆன்மா காப்பாற்றப்பட்டால் எத்தனை பெரிய அவமானத்துக்கும் அதுவே ஈடு என்று அந்த முதியவர் எழுதுகிறார். கடிதத்தைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது முக்கியமானது. ட்ரிம்மரின் கருவைச் சுமந்து ஆதரவற்று நிற்கும் விர்ஜீனியாவை க்ரவுச்பேக் மீண்டும் மணப்பது இந்தச் சொற்களின் விளைவு. அறிவுகெட்ட செயல் என்று தோழி கடிந்துகொள்ள, தம் வாழ்நாளில் தன்னலமற்ற ஒரு செயலையும் செய்ததில்லை, இப்போது ஒன்று தம்மைத் தேடி வந்திருக்கிறது என்று அவர் பதில் சொல்கிறார். கொடியும் வாளும் இல்லாத இந்தச் செயலை வா மிகக் குறைந்த சொற்களில் சொல்கிறார். பறக்கும் குண்டு ஒன்றில் விர்ஜீனியா இறக்கிறார், குழந்தை தப்புகிறது.

பிறகு யூகோஸ்லாவியா. பெகோய் என்ற கற்பனை ஊரில் 108 யூத அகதிகள் க்ரவுச்பேக்கிடம் உதவி கேட்டு வருகிறார்கள். அவர்களுக்காகப் பேசும் மடாம் கான்யி இறுதிச் சந்திப்பில் சொல்வதை வாசிக்கும்போது வேறு எதையும் சிந்தனையில் வைக்காதீர்கள். நாஜிகள் மட்டுமே போரை விரும்பினார்கள் என்று சொல்லிவிட முடியாது, எங்கும் ஒரு சாவு வேட்கை இருந்தது, நல்லவர்கள்கூடக் கொல்வதாலும் கொல்லப்படுவதாலும் தம் தனிப்பட்ட மானம் நிறைவு பெறும் என்று எண்ணினார்கள், இங்கிலாந்தில் அப்படி யாரும் இல்லையா என்று அவர் கேட்கிறார். கடவுள் என்னை மன்னிப்பாராக, நானும் அவர்களில் ஒருவன் என்கிறார் க்ரவுச்பேக். இதற்குப் பின், அவர் பொழுதுபோக்குக்காக அன்போடு கொடுத்துச் சென்ற அமெரிக்க இதழ்களும் மடாம் கான்யியையும் அவர் கணவரையும் அங்குள்ள கம்யூனிஸ்டுப் படையினர் கொல்வதற்கான சான்றுகளில் ஒன்றாக மாறுகின்றன. ஆப்தார்ப்பின் விஸ்கிப் புட்டியை நினைவில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கம்யூனிஸ்டுப் படையினரை வா ஒரே நிறத்தில் தீட்டியிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து அந்த மலைகளில் உயிர்விட்டவர்களின் தரப்பை இந்த நாவலில் தேடினால் கிடைக்காது. அதற்கு வேறு நூல்களை நாட வேண்டும்.

கடைசிப் பக்கத்தை இரண்டு பதிப்புகளில் வாசித்தல்

முடிவுரை 1951இல் நிகழ்கிறது. க்ரவுச்பேக் மறுமணம் செய்துகொண்டு, ட்ரிம்மருக்குப் பிறந்த சிறுவனைத் தம் மகனாக வளர்த்து, குடும்ப நிலத்தில் ஒரு சிறு வீட்டில் வாழ்கிறார். 1961ஆம் ஆண்டு நூலில் அவருக்கு இரண்டாம் மனைவியின் வழியே இரண்டு மகன்களும் பிறந்திருக்கிறார்கள். இது இனிய முடிவு என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டது வாவுக்கு உவப்பாக இல்லை. 1965ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த இரு மகன்களையும் நீக்கிவிட்டார். பழம்பெருமை வாய்ந்த அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கப்போகிறவன் முடிதிருத்துபவரின் மகன் மட்டுமே. நூலகத்தில் இரண்டு பதிப்புகளும் கிடைத்தால் கடைசி இரண்டு பக்கங்களை அருகருகே விரித்து வைத்துப் பாருங்கள். எல்லாம் க்ரவுச்பேக்குக்கு மிகவும் வசதியாகவே முடிந்துவிட்டது என்று மைத்துனர் பாக்ஸ்-பெண்டர் சற்றே எரிச்சலோடு சொல்வது இரண்டிலும் இருக்கிறது. மகன்கள் இருக்கும் பதிப்பில் ஒரு முறையும் இல்லாத பதிப்பில் ஒரு முறையும் அந்த வாக்கியத்தை உரக்க வாசியுங்கள்.